260 ரூபாயும் 15,000 ரூபாயும்: ஒரு நிதி விநியோகஸ்தரின் மனநிறைவு பற்றி

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் தொழில் வளர்ச்சி பற்றியது. ஆறு ஆண்டுகளாக மியூச்சுவல் ஃபண்டும் காப்பீடும் செய்து வருகிறார். 160 குடும்பங்களின் முதலீடாக ஏறத்தாழ 9 கோடி ரூபாய் அவர் பொறுப்பில் இருக்கிறது. ஆனாலும் சந்தை இறங்கும் வாரங்களில் தூக்கம் வருவதில்லை என்கிறார்; மாத இலக்கை எட்டிய நாளில்கூட மகிழ்ச்சி மறுநாள் காலைவரை நிற்பதில்லை என்கிறார். இந்தத் தொழிலில் இருந்துகொண்டே மனிதனாக வளரவும் நிறைவாக வாழவும் முடியுமா, அல்லது மதுரையில் கிடைத்திருக்கும் வங்கி வேலைக்குப் போய்விடலாமா என்பது அவர் கேள்வி. நடுவில் போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "இரண்டு குடும்பங்களுக்கு நான் எடுத்துக் கொடுத்த பாலிசி அவர்களுக்குப் பொருந்தாதது என்று இப்போது தெரிகிறது." என் வாசிப்பில் உண்மையான கேள்வி அந்த வரிதான். என் வருமானமும் நான் சொல்லும் யோசனையும் ஒரே திசையில் போகாத நாளில் நான் யாராக இருக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார்.

நான் காரைக்குடியில் 1998-இல் காப்பீட்டு முகவராகத் தொடங்கி, 2004-இல் ஆம்ஃபி (மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கம்) தேர்வு எழுதி, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்துக்கு வந்தவன். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்குகிற ஊர்கள்தான் என் உலகம். ஓர் உதவியாளரோடு நடத்தும் சிறிய அலுவலகம் என்பதால், இருபது பேரை வைத்து நிறுவனம் கட்டுவது பற்றி என் சொல்லுக்கு மதிப்பில்லை. நான் மனநல மருத்துவனும் அல்லன். சந்தை ஏறிய பின்னும் தூக்கமின்மை தொடர்ந்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு இந்தப் பதில் மாற்றாகாது.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். உங்களை நீங்கள் 'நிதி ஆலோசகர்' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின்படி பதிவு செய்துகொண்டு, வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்குகிறவர்தான் ஆலோசகர். ஏ.ஆர்.என். என்ற விநியோகஸ்தர் பதிவு எண்ணோடு ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறுகிற நீங்களும் நானும் விநியோகஸ்தர்கள். 2020-இல் வந்த திருத்தம், பதிவு பெறாத விநியோகஸ்தர் ஆலோசகர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்வதையே தடுத்துவிட்டது. இது வெறும் சட்ட நுணுக்கம் என்று பலர் ஒதுக்குகிறார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. முகவரி அட்டையில் இருக்கும் சொல் நம் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்குமானால், நாம் முதலில் ஏமாற்றுவது நம்மைத்தான். விநியோகஸ்தர் என்று சொல்லிக்கொண்டே நேர்மையாக, பயனுள்ளவராக வாழ முடியும். நான் அப்படித்தான் வாழ முயன்று வருகிறேன்.

இனி வருமானமும் யோசனையும் வேறு வேறு திசையில் போவதைக் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனெனில் நம் தொழிலில் மனச்சோர்வு பிறக்கும் இடம் ஒரு கணக்கில்தான் இருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியை மாதம் 5,000 ரூபாய் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. தொடங்குகிறார் என்று கொள்ளுங்கள். முதலாண்டில் அவர் கணக்கில் சராசரியாக 32,500 ரூபாய் இருக்கும். டிரெயில் கமிஷன் (கணக்கில் இருக்கும் தொகையின்மேல் ஆண்டுதோறும் வரும் கமிஷன்) 0.8 சதவீதம் என்று வைத்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் உங்களுக்குக் கிடைப்பது 260 ரூபாய். அதே ஆசிரியை அதே 60,000 ரூபாயை ஆண்டு பிரீமியமாகக் கட்டி காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த ஒரு நீண்டகால எண்டோமென்ட் பாலிசி எடுத்தால், நான் முகவராகச் சேர்ந்த காலத்து விகிதப்படி முதலாண்டுக் கமிஷன் 25 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். போனஸ் கமிஷன் தனி. விகிதங்கள் பின்னால் மாறின. ஆயினும் காப்பீட்டில் முதலாண்டிலேயே பெரும்பங்கு கைக்கு வருகிறது, ஃபண்டில் பத்தாண்டு காத்திருந்தால்தான் ஏதேனும் தெரிகிறது என்ற அமைப்பு மாறவில்லை. ஃபண்டில் பணம் போடும்போதே கழிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் 2009 ஆகஸ்டில் ஒழிந்தது; விற்றவுடன் மொத்தமாகக் கிடைத்த முன்பணக் கமிஷனும் 2018-இல் நிறுத்தப்பட்டது. இரண்டும் முதலீட்டாளருக்கு நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்குப் பின் இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர், வீட்டு வாடகை கட்ட வேண்டிய மாதத்தில், 260-க்கும் 15,000-க்கும் நடுவில் தனியாக நிற்கிறார். நீங்கள் நின்றதும் அங்கேதான். அந்த இடத்தில் தவறாத மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நானும் தவறியிருக்கிறேன். 2007 டிசம்பரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பணிக்கொடைப் பணத்தில் 5 லட்சம் ரூபாயை மொத்தமாகப் பங்குச் சந்தை ஃபண்டில் போட வைத்தேன். அப்போது 2.25 சதவீத நுழைவுக் கட்டணம் உண்டு. கழிக்கப்பட்ட 11,250 ரூபாயில் பெரும்பகுதி எனக்கு வந்தது. அவருக்கு அந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு சந்தை சரிந்தபோது, அவர் வீடு செக்காலைப் பக்கம் என்பதால் நான் சுற்றுவழியில் அலுவலகம் போகத் தொடங்கினேன். தொலைபேசியில் அவர் பெயரைப் பார்த்தால் வண்டியோட்டிக் கொண்டிருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுக்காமல் விட்டேன். ஏழு மாதம் கழித்துக் கொப்புடை அம்மன் கோயில் வாசலில் நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். "விலை இறங்குனது பேப்பர்லயே வந்துச்சு தம்பி. நீங்க ஏன் வரலை?" என்று மட்டும் கேட்டார். அவர் அதற்குள் ஃபண்ட் நிறுவனத்தின் மதுரைக் கிளைக்குத் தாமே போய் 2,35,000 ரூபாய்க்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டிருந்தார். 2010-இன் இறுதியில் சென்செக்ஸ் மீண்டும் 20,000-ஐத் தாண்டியது. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருந்திருந்தால் அவர் காத்திருந்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காத்திருக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், அதை நான் கொடுக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் நான் தொடங்கிய ஒரு பழக்கத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இந்தப் பதிலில் மற்றவை எல்லாம் அதற்குத் துணை. என் பாட்டனார் தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி உயர்வதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், அன்றைய குறிப்பு அன்றைக்கே பேரேட்டில் ஏற வேண்டும், வரவும் செலவும் ஒத்துவராமல் பெட்டி பூட்டப்படக் கூடாது என்பதாம். அதை நினைத்து நான் ஒரு சாதாரண நீள நோட்டில் ஓர் ஏடு தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் யாருக்கு என்ன யோசனை சொன்னேன், ஏன் சொன்னேன், அதனால் எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மூன்றையும் ஒரே வரியில், அடுத்தடுத்து எழுத வேண்டும். முதல் இரண்டையும் எழுதுவது எளிது. கணினியிலும் அது இருக்கும். மூன்றாவதை, ரூபாயும் எண்ணுமாக, காரணத்துக்குப் பக்கத்திலேயே எழுதும்போதுதான் கை நிற்கும். கை நின்ற இடங்களில் காரணத்தைத் திரும்பப் படித்தால், அது வாடிக்கையாளரின் காரணமா, நம்முடையதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒன்றும் வேண்டாம், இருப்பதை அப்படியே வையுங்கள் என்று சொன்ன நாளையும் எழுதுங்கள். எதிரே பூஜ்யம் போடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வரிகள் அந்தப் பூஜ்ய வரிகள்தான்.

நகரத்தார் கடைகளிலிருந்து கடல் கடந்து அக்கரைக்குப் போன ஏஜெண்டுகள் மூன்றாண்டுத் தவணை முடிந்து ஐந்தொகையோடு (வரவு, செலவு, இருப்புக் கணக்கோடு) ஊர் திரும்பியதுபோல, நானும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பழைய ஏட்டை எடுத்துப் படிக்கிறேன். சந்தை எனக்கு எதிராகப் போன வரிகள் வலிப்பதில்லை. எந்தக் காரணமும் இல்லாமல் கமிஷன் மட்டும் இருக்கிற வரிகள்தான் வலிக்கும். ஆண்டுதோறும் அப்படிப்பட்ட வரிகள் குறைந்து வருவதை நம் கையெழுத்திலேயே பார்ப்பதுதான், என் அனுபவத்தில், இந்தத் தொழிலில் வளர்ச்சி என்ற சொல்லுக்குப் பொருள். நிறுவனம் அனுப்பும் மாத அறிக்கையில் 9 கோடி 10 கோடி ஆனது தெரியும். நீங்கள் மாறியது தெரியாது. பிறர் எண்ணிச் சொல்லும் எண்ணால் மட்டும் வாழ்கிறவருக்கு அடுத்த மாதம் பிறந்ததும் அந்த எண் மறுபடி பூஜ்யமாகிவிடும். உங்கள் மகிழ்ச்சி மறுநாள் காலைவரை நிற்காததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

தூக்கம் போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 9 கோடிக்கு 0.8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 7,20,000 ரூபாய், மாதம் 60,000. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. முழுக்கப் பங்குச் சந்தை ஃபண்டுகளையே நம்பியிருக்கும் விநியோகஸ்தரின் 60,000 அந்த விலையில் ஏறத்தாழ 37,000 ஆகிறது. அவருடைய சொந்தச் சேமிப்பும் அதே ஃபண்டுகளில் இருந்தால் அதுவும் அதே அளவு இறங்கியிருக்கும். அதே வாரத்தில்தான் 160 குடும்பங்களும் பதற்றத்தோடு அழைப்பார்கள். வருமானம், சேமிப்பு, வாடிக்கையாளரின் முகம் என்ற மூன்றும் ஒரே நாளில் விழுகிற தொழில் இது. அன்றைக்கு நிதானமாகப் பேச வேண்டியவரே அச்சத்தில் இருந்தால், பொறுமையாக இருங்கள் என்று அவர் சொல்லும் சொல்லில் பொறுமை இருக்காது.

இந்த மண்ணுக்கு இது புதிய பாடமும் அன்று. பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வட்டித் தொழில் செய்ய) போனவர்களின் கடனும் ஈடும் வருமானமும் ஒரே நெல்லின்மேல் நின்றன. 1930-களில் நெல் விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை. ஈடாக வைத்த வயல்களே கைக்கு வந்தன. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நில உடைமை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதம் ஆயிற்று. வெளியே பார்த்தவர்களுக்கு அது பெருக்கமாகத் தெரிந்தது. உள்ளே அது வசூலாகாத கடன். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் காட்டுவழியே நடந்து திரும்பினார்கள். 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளோடு தொழில் செய்கிற நாம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு நம் வாழ்வை மட்டும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம். ஆகையால் எனக்கு ஐயமே இல்லாத யோசனை ஒன்று: குறைந்தது பதினெட்டு மாதக் குடும்பச் செலவை வங்கி வைப்பிலும் அஞ்சலகத்திலும் வையுங்கள். அதில் கிடைக்கும் குறைந்த வட்டியைச் சந்தை வீழ்ந்த நாளில் நிதானமாக இருப்பதற்கான கூலி என்று நினையுங்கள். உங்கள் பெயரில் போதிய டெர்ம் காப்பீடும் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வருவது), பெற்றோர் உட்பட எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடும் இருக்கட்டும். வருமானம் இறங்கினாலும் வீடு நடக்கும் என்று தெரிந்தவரால்தான் பூஜ்ய வரியை எழுத முடியும்.

குடும்பங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 160 குடும்பங்களை ஆண்டுக்கு இருமுறை சந்தித்தாலே 320 சந்திப்புகள். வேலை நாட்கள் ஏறத்தாழ 250. இதற்குமேல் கூட்டினால் சிலரைச் சந்திக்காமல் விடுவீர்கள். ஆளைச் சேர்க்காமல் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

நிறைவு எங்கிருந்து வந்தது என்று என் ஏட்டைப் பார்த்தால், கமிஷன் இல்லாத வேலைகளில்தான் அதிகம் வந்திருக்கிறது. கானாடுகாத்தானுக்கு அருகில் ஓர் ஊரில், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் துணைக்கு ஒரு பெண்ணோடு மட்டும் இருக்கிற ஆச்சி ஒருவர், கணவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் இரும்புப் பெட்டியில் கிடந்த காகிதப் பங்குப் பத்திரங்களை எடுத்துக் காட்டினார். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் கோரப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். காகிதப் பத்திரங்களை 2019 ஏப்ரலுக்குப் பின் டீமேட் (மின்னணு வடிவம்) ஆக்காமல் பெயர் மாற்றி விற்கவும் முடியாது. வாரிசுரிமை ஆவணங்கள், பெயரில் ஓர் எழுத்து வேறுபாட்டுக்கு உறுதிமொழிப் பத்திரம், அந்த நிதியிலிருந்து பங்குகளைத் திரும்பக் கோரும் ஐ.இ.பி.எஃப்.-5 படிவம், நிறுவனத்தின் பதிவாளருக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. "இதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று ஆச்சி நடுவில் ஒருநாள் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பங்குகள் அவர் பெயருக்கு வந்த பிறகுதான் நம்பினார். இப்படிச் செய்தால் தொழில் தானாக வளரும் என்று சொல்லமாட்டேன். நான் செய்த இத்தகைய வேலைகளில் பெரும்பாலானவை எந்த முதலீடாகவும் மாறவில்லை. நல்லது செய்தால் வாடிக்கையாளர் பெருகுவார்கள் என்று மேடையில் பேசுவது என் ஏட்டின்படி பாதி உண்மை. ஆனால் செட்டிநாட்டில் எத்தனையோ வளவு வீடுகளில் இத்தகைய பெட்டிகள் இன்னும் திறக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பது நல்லது, அவர் நீங்களாக இருக்கலாம்.

நான் உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. சி.எஃப்.பி. (நிதித் திட்டமிடல் சான்றிதழ்) போன்ற தேர்வுகள் அறிவைக் கூட்டும். படியுங்கள் என்றே சொல்வேன், ஆனால் அவை தன்னம்பிக்கையைத் தந்தவர்களையும், பெயருக்குப் பின்னால் எழுத்துகளை மட்டும் தந்தவர்களையும் ஒரே அளவில் பார்த்திருக்கிறேன். கமிஷனை விட்டுவிட்டுக் கட்டணம் வாங்கும் ஆலோசகராக மாறினால் இந்தத் திசைச் சிக்கலே பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது தர்க்கப்படி சரி. ஆனால் மருத்துவருக்குக் கட்டணம் கொடுப்பதற்கே யோசிக்கிற நம் ஊர்களில், யோசனைக்கு மட்டும் ஆண்டுதோறும் காசோலை எழுதுவார்களா என்று எனக்குச் சந்தேகம். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களில் அது எடுபடலாம். எம்.டி.ஆர்.டி. (அதிகம் விற்கும் காப்பீட்டு முகவர்களின் உலகச் சங்கம்) தகுதியும் வெளிநாட்டுப் பயணங்களும் பொய்யான மகிழ்ச்சி என்று ஒதுக்கவும் மாட்டேன். நான் போயிருக்கிறேன், நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால் அந்தத் தகுதிக்காக நான் எழுதிய பாலிசிகளைத்தான் பிறகு படிக்கக் கூச்சமாக இருந்தது.

வங்கி வேலையைப் பொறுத்தவரை, மாதச் சம்பளம் தரும் நிம்மதியைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. வீட்டில் சிறு குழந்தை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கேயும் வாடிக்கையாளர் தொடர்பு அதிகாரிக்கு இலக்கு உண்டு, பெரும்பாலும் இதே காப்பீட்டுத் திட்டங்களில்தான். 260-க்கும் 15,000-க்கும் நடுவிலான இடத்தை விட்டு நீங்கள் வெளியேறப் போவதில்லை, அங்கே முடிவு எடுக்கும் உரிமைதான் குறையும். குறைந்தது ஆறு மாதம் ஏடு எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ஏட்டின் முதல் பக்கத்தில் அந்த இரண்டு குடும்பங்களை எழுதுங்கள். பாலிசி எந்த ஆண்டு எடுத்தது, ஏன் எடுக்கச் சொன்னீர்கள், உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று எழுதிவிட்டு, இந்த வாரமே நேரில் போங்கள். போகும்போது மூன்று எண்களைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: இன்று சரண்டர் செய்தால் (பாலிசியை இடையிலேயே முடித்துக்கொண்டால்) கையில் எவ்வளவு வரும், பிரீமியத்தை நிறுத்திப் பெய்டு-அப் ஆக்கினால் (கட்டியதற்கேற்பக் குறைந்த தொகைக்குப் பாலிசியை அப்படியே வைத்திருந்தால்) முதிர்வில் எவ்வளவு, தொடர்ந்து கட்டினால் எவ்வளவு. 2024 அக்டோபருக்குப் பின் எடுத்த பாலிசியாக இருந்தால் ஓராண்டு பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முந்தியதானால் விதி வேறு, ஆகவே பத்திரத்தைப் பார்த்து, கிளையிலிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தொடர்வதே மேல் என்று வரும். அதையும் அப்படியே சொல்லுங்கள். அவர்கள் கோபப்படலாம், உங்களிடமுள்ள மற்ற முதலீடுகளை எடுத்துவிடவும் கூடும். திரும்பி வந்து, அன்று இரவே, அந்தச் சந்திப்பையும் ஏட்டில் எழுதி எதிரே வரவு என்ன என்று குறித்து வையுங்கள்.